எறும்புக்குப் போன பங்கு

மூன்று வருஷமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு பேரைப் பேச வைக்கத் திட்டம் போட்டு, பேசவே கூடாது என்று பலகை மாட்டியிருந்த இடத்துக்கு அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான். என் மூளையை நானே மெச்சிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த இரண்டு பேர் என் வீட்டுக்காரரும் எங்கள் ஒரே மகனும். திருத்தணிக்குப் பக்கத்தில் கே.ஜி.கண்டிகையில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அவர் நெல்லும் வேர்க்கடலையும் பார்த்துக்கொள்கிறார். நான் பால்வாடியில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு 'அ', 'ஆ' சொல்லிக்கொடுக்கிறேன். மகனுக்குச் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. தினமும் திருத்தணியில் ரயில் ஏறிப் போய்வந்துகொண்டிருந்தவன், அதே ரயிலில் அரக்கோணத்தில் ஏறுகிற ஒரு பெண்ணோடு பழகி, கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று நின்றான். பெண் வீட்டார் வேதக்காரர்கள். மாதா கோயிலில் தாலி கட்டுவதற்காக இவன் ஞானஸ்நானமும் வாங்கிக்கொண்டான்.

அதற்குக்கூட என் வீட்டுக்காரர் அவ்வளவாகக் குதிக்கவில்லை. பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து, "நல்ல பொண்ணாத்தான் கீது" என்று ஒரு வார்த்தை சொன்னார். வினை வந்தது ஆடிக் கிருத்திகையில். அப்பனும் பிள்ளையும் சேர்ந்து காவடி எடுத்து மலையேறுவது எங்கள் வீட்டு வழக்கம். அந்த வருஷம் அவன் வரவில்லை. "நைனா, இப்பதான் ஞானஸ்நானம் வாங்கிக்கினேன். ஒடனே காவடி தூக்கினா நல்லா இருக்குமா, நீயே சொல்லு" என்று போனில் கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை என்று எனக்குப் பட்டது. "மலை ஏறாதவன் என் வாசப்படி ஏற வேணாம்" என்று இவர் சொன்னார். இவர் சொன்னதிலும் தப்பு கண்டுபிடிக்க எனக்கு வரவில்லை. அத்தோடு பேச்சு நின்றுபோனது. பேத்தி பிறந்தபோதுகூட எனக்குத்தான் போன் வந்தது.

எங்கள் வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. மலையிலிருந்து இறங்கி வந்ததும் அவர் கால் கழுவிக்கொண்டு, வீட்டில் இருக்கிற ஒவ்வொருவர் கையிலும் தம் கையாலேயே பிரசாதம் வைப்பார். யாரோடு என்ன சண்டை இருந்தாலும் அந்த நேரத்தில் அவர் கொடுத்தாக வேண்டும், எதிரில் இருப்பவர் கை நீட்டியாக வேண்டும். வரப்புத் தகராறில் போலீஸ் ஸ்டேஷன் வரை போன அவருடைய அண்ணன்கூட அன்றைக்கு வந்து கை நீட்டினார். வாங்கித் தின்றுவிட்டு, பிசுபிசுக்கும் கையைத் தலையில் தடவிக்கொண்டால் விவகாரம் முடிந்தது. மறுநாள் இரண்டு பேரும் ஒன்றுமே நடக்காத மாதிரி அதே வரப்பில் நின்று மாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மகன் வராத அந்த ஆடியிலும் அவர் பங்கு போட்டார். எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. மூன்றாவதை வாழையிலையில் மடித்துச் சாமி அலமாரியில் வைத்தார். மறுநாள் காலையில் எறும்புகள் வரிசை கட்டி வந்து அதைக் காலி செய்துவிட்டுப் போயின. அடுத்த ஆடியிலும் அப்படியே, அதற்கடுத்த ஆடியிலும் அப்படியே. எங்கள் வீட்டு எறும்புகளுக்கும் வருஷத்துக்கு ஒரு திருவிழா என்று ஆகிவிட்டது. அந்த அலமாரியைத் துடைக்கும்போது எனக்கு வயிறு எரியும். அது இவர்மேல் கோபமா, அவன்மேல் கோபமா என்று எனக்கே தெரியாது.

போன பங்குனியில் மருமகள் போன் செய்தாள். திருத்தணியிலிருந்து நகரி போகிற சாலையில், ஆந்திர எல்லைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மாந்தோப்புக்குள் சிஸ்டர்கள் நடத்துகிற தியான இல்லம் இருக்கிறது. அவர்களுடைய தவக்காலத்தில் மூன்று நாள் தியானம் நடக்குமாம். அதற்கு அவளும் என் மகனும் வருகிறார்களாம். குழந்தையை அவள் அம்மா கடைசி நாள் காலையில் கொண்டுவந்து விடுவாளாம்.

"அத்த, ஞாயித்துக்கெழம கடைசிப் பூசைக்கு மாமாவ எப்படியாச்சும் கூட்டினு வந்துடுங்க. மீதிய ஆண்டவர் பாத்துப்பார்" என்றாள்.

எந்த ஆண்டவர் என்று நான் கேட்கவில்லை.

இவரிடம் உண்மையைச் சொன்னால் வரமாட்டார். அதனால் என் முட்டியைத் துணைக்குக் கூப்பிட்டேன். போன மாதம் முட்டிவலி தாங்காமல், அந்த மாந்தோப்பு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுவதாக வேண்டிக்கொண்டேன், வலி போன இடம் தெரியவில்லை என்று அளந்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, முட்டியைத்தான் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வேண்டிக்கினா செஞ்சிடணும். எந்தச் சாமியா இருந்தா இன்னா" என்றார்.

இவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததே எனக்கு முதல் குழப்பம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால், மனிதர் தலைக்குக் குளித்து, வெளுத்த வேட்டியும் கல்யாணச் சட்டையுமாக உட்கார்ந்திருக்கிறார். காபியை நீட்டினேன், வேண்டாம் என்றார். "கோயிலுக்குப் போறோம் இல்ல. வெறும் வயித்தோட போணும்." என் பங்குக் காபியை நான் சமையல்கட்டில் நின்றபடியே சத்தமில்லாமல் குடித்துவிட்டு வந்தேன்.

டிவிஎஸ்ஸில் கிளம்பினோம். திருத்தணி ஊருக்குள் மலை கண்ணில் பட்டதும் வண்டியை மெதுவாக்கி, ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்னால் உட்கார்ந்திருந்த நானும் போட்டுக்கொண்டேன். முருகா, கோச்சிக்காதே, உன் பிள்ளைகளை ஒன்று சேர்க்கத்தான் அந்தம்மாவிடம் போகிறேன், நீயும் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று வேண்டினேன். தாலுகா ஆபீசில் ஒரே மனுவை இரண்டு ஜன்னலில் கொடுக்கிற மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் நிராகரித்துவிட்டால் என்ன செய்வது என்று பயமும் வந்தது.

தோப்புக்குள் நுழைந்ததும் கல்லால் குகை மாதிரி கட்டிய ஒரு கெபியில் நீல இடுப்புக்கச்சை கட்டிய மாதா நின்றிருந்தாள். பக்கத்தில் அந்தப் பலகை. 'மௌனம் காக்கவும்' என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதியிருந்தது. சும்மா எழுதி வைத்திருப்பார்கள், அரசாங்க ஆஸ்பத்திரியில்கூடத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, "பூசை எங்கங்க நடக்குது?" என்று அங்கே நின்ற ஓர் இளம் சிஸ்டரைக் கேட்டேன். அவர் உதட்டில் விரல் வைத்தார். கிட்டே வந்து காதோடு காதாக, தியானத்துக்கு வந்தவர்கள் மூன்று நாளாக ஒரு வார்த்தை பேசவில்லை, பூசை முடிந்து மணி அடித்த பிறகுதான் பேசலாம் என்றார். சமாதானம் பேச வந்தவளுக்கு நல்ல வரவேற்பு.

என் வீட்டுக்காரர் வழக்கப்படி செருப்பைக் கேட்டிலேயே கழற்றிவிட்டு, சூடான ஜல்லிமேல் நடந்து போனார். மற்றவர்கள் செருப்போடு போவதைப் பார்த்து நான் கழற்றியதை மாட்டினேன், மனசு கேட்காமல் மறுபடி கழற்றினேன். உள்ளே போனதும் பெண்கள் எல்லாரும் முக்காடு போட்டிருந்தார்கள். நானும் போட்டுக்கொண்டேன். நெற்றியில் குங்குமம் இருக்கலாமா, கூடாதா என்று தெரியவில்லை. அழித்தால் வீட்டுக்காரருக்கு ஆகாது, அழிக்காவிட்டால் மாதாவுக்கு ஆகுமோ என்னவோ. முக்காட்டைக் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டு அதற்கு ஒரு வழி பண்ணினேன்.

பூசை பாதி தமிழ், பாதி தெலுங்கு. மொழி எனக்குப் பிரச்சினையில்லை, உடம்புதான் பிரச்சினை. எல்லாரும் எழுந்தபோது நான் உட்கார்ந்திருந்தேன், நான் எழுந்தபோது அவர்கள் முழங்காலில் இருந்தார்கள். கடைசியில் நானும் முட்டி போட்டேன். வலி போய்விட்டது என்று பொய் சொன்னவளுக்கு மாதா வைத்த பரீட்சை அது. ஆண்கள் பக்கத்திலிருந்து இவர் என் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்த முகமாக இருந்தேன்.

அப்போதுதான் மகனைப் பார்த்தேன். கடைசியில், கதவோரம், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். இளைத்திருந்தான். தாடி விட்டிருந்தான். என்னைப் பார்த்தான், பிறகு அவன் அப்பனின் முதுகைப் பார்த்தான். முதுகு திரும்பவில்லை. எழுந்து ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல எனக்கு இருந்தது. நூறு பேர் மௌனமாக இருக்கிற இடத்தில் எப்படி ஓடுவது?

மருமகள் நகர்ந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பூசை வைத்த சாமியார் மைக்கில், தகுந்த தயாரிப்போடு இருப்பவர்கள் மட்டும் நற்கருணை அப்பம் வாங்க வரலாம் என்றார். வரிசை நகர ஆரம்பித்தது. என் மகன் கதவோரத்தைவிட்டு அசையவில்லை.

"அவன் போகலியா?" என்று காதில் கேட்டேன்.

"கல்யாணத்துக்கப்பறம் வாங்கறதே இல்ல அத்த" என்று அவளும் காதிலேயே சொன்னாள். "பெத்தவர் கூடப் பேச்சு இல்லாம இருந்துகினு, அத எப்படி நாக்குல வைக்கறதுன்றார்."

அங்கே இவன் பங்கை எறும்பு தின்கிறது, இங்கே இவன் பட்டினி கிடக்கிறான். இரண்டு பேருமே என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நிமிர்ந்து பார்த்தால், வரிசையில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருக்கிறார்.

மருமகள் என் மணிக்கட்டை இறுக்கினாள். "ஐயோ அத்த, ஞானஸ்நானம் வாங்கினவங்கதான் வாங்கணும்." எனக்கு எழுந்து கத்த வேண்டும். கத்தக் கூடாது. கையை ஆட்டினேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை, மலைமேல் சன்னதி வரிசையில் நிற்கிற அதே பவ்யத்தோடு நகர்ந்து போனார். சாமியாருக்கு முன்னால் இடது கையைக் கீழே கொடுத்து வலது கையை நீட்டினார்.

"கிறிஸ்துவின் திருவுடல்" என்றார் சாமியார்.

"ஆங்" என்றார் என் வீட்டுக்காரர்.

வெள்ளை அப்பம் அவர் கையில் விழுந்தது. மற்றவர்கள் உடனே வாயில் போட்டுக்கொண்டார்கள். இவர் ஓரமாக ஒதுங்கி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து துவைத்து மடித்த கைக்குட்டையை எடுத்தார். அப்பத்தை அதில் வைத்து மூடிக்கொண்டு, திரும்பி, கதவை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

அந்த இளம் சிஸ்டர் குறுக்கே வந்து நின்றார். "ஐயா, அத இங்கியே சாப்பிட்டுடணும். வெளியில எடுத்துனு போகக் கூடாது."

"வெளிய போகலம்மா. என் பங்கும் இல்ல இது."

"யாரு பங்கு?"

"எங்க பையன் பங்கு. தோ நிக்கிறான் பாரு."

சிஸ்டர் பீடத்தைப் பார்த்தார். சாமியார் வரிசையை முடித்துவிட்டு இறங்கி வந்தார். மூன்று நாள் மௌனமாக இருந்த கூட்டம் இப்போது மூச்சு விடுவதையும் நிறுத்திக்கொண்டது. நான் எழுந்து போய்விட்டேன். எந்தத் தைரியத்தில் போனேன் என்று தெரியாது.

"நீங்க கிறிஸ்தவங்களா?" என்று சாமியார் மெதுவாகக் கேட்டார்.

"இல்லீங்க சாமி. கண்டிகை. முருகனுக்குக் காவடி எடுக்கறவங்க."

"அப்பறம் ஏன் வாங்கினீங்க?"

"தயாரா இருக்கறவங்க வரலாம்னு நீங்கதானங்க சொன்னீங்க. தலைக்குக் குளிச்சிட்டு, தண்ணிகூடக் குடிக்காம வந்துகிறேன்" என்றார் இவர். கொஞ்சம் நிறுத்தி, "இவதான் காபி குடிச்சிட்டா. அதான் இவ எழுந்து வரல" என்றார்.

சாமியார் என்னைப் பார்த்தார். நான் முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டேன். அவர் கையை நீட்டி, "அதக் குடுங்க ஐயா" என்றார். இவர் கைக்குட்டையை மார்போடு வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். முரட்டுத்தனம் இல்லை அது. பங்கை இன்னொருவர் கையில் கொடுத்துப் பழக்கமில்லாதவர், அவ்வளவுதான். சாமியார் கேட்பது நியாயம், இவர் கொடுக்காததும் நியாயம். எனக்கு உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது.

கதவோரத்திலிருந்து மகன் வந்தான். குழந்தையை என்னிடம் கொடுத்தான். அவளை நான் முதல்முறையாகத் தூக்குகிறேன் என்பதைக்கூட அந்த நேரத்தில் உணரவில்லை.

"ஃபாதர், இவர் எங்க நைனா" என்றான்.

சாமியார் அவனை ரொம்ப நேரம் பார்த்தார். மூன்று நாள் தியானத்தில் அவன் அவரிடம் என்ன சொல்லியிருந்தான் என்று எனக்குத் தெரியாது. "வாங்கிக்கிறியா?" என்று மட்டும் கேட்டார். அவன் தலையாட்டினான். அவர் ஒரு பெருமூச்சு விட்டு, என் வீட்டுக்காரரிடம், "குடுங்க" என்றார்.

இவர் கைக்குட்டையைப் பிரித்தார். மகன் வலது கையை நீட்டினான். ஆடிக் கிருத்திகையன்று வைக்கிற மாதிரியே, விரல் படாமல், நடுக்கையில் வைத்தார். அவன் அதை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினான். பிறகு, அவனுக்கே தெரியாமல், அந்தக் கையைத் தலையில் தடவிக்கொண்டான்.

அதைப் பார்த்துவிட்டு இவர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. குழந்தையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சமாளித்தேன்.

பூசை முடிந்து மணி அடித்தார்கள். மூன்று நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் கொட்டுகிற மாதிரி தோப்பு முழுக்கப் பேச்சு. இவர்கள் இரண்டு பேர் மட்டும் ஆளுக்கொரு மாமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிஸ்டர்கள் டீயும் பன்னும் கொடுத்தார்கள். இவர் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மரத்திடம் சொல்வது போலச் சொன்னார்.

"கொழந்தைக்கு மூஞ்சில வெயில் படுது. இப்படி நெழல்ல தூக்கினு வாடா."

மூன்று வருஷத்துக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு. "ஆங், நைனா" என்று அவன் நகர்ந்து வந்தான்.

கிளம்பும்போது சாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நடந்தத வெளியில சொல்லிக்காதீங்கம்மா. மேல கேட்டா நான்தான் பதில் சொல்லணும்" என்றார். சரி என்றேன். யார் பேரும் சொல்லாமல் எழுதினால் சொன்னதாக ஆகுமா என்பதும் எனக்குக் குழப்பம்தான்.

திரும்பி வரும் வழியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டேன். "அவன் அங்க வருவான்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"முட்டி எப்படிக்கீது?" என்றார்.

திருத்தணி மலை தெரிந்தபோதுதான் நினைவுக்கு வந்தது, மெழுகுவத்தியை ஏற்றவே இல்லை. அன்று சாயங்காலம் முட்டி நிஜமாகவே வலிக்க ஆரம்பித்தது. அது மாதாவின் வேலையா, பூசையில் முட்டி போட்டதன் வினையா, யாரைக் கேட்பது? நாங்கள் செய்தது அந்தக் கோயிலுக்குப் பெரிய பிழை என்று மருமகள் பிறகு விளக்கிச் சொன்னாள். அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. ஆனால் அவன் தலையைத் தடவிக்கொண்டதை நினைத்தால் அந்தப் பிழைக்காக என்னால் வருத்தப்பட முடியவில்லை. முருகனும் மாதாவும் இதில் கூட்டா, இல்லை எங்களைப் பார்த்து இருவருமே தலையில் அடித்துக்கொண்டார்களா என்றும் தெரியவில்லை.

இந்த ஆடிக் கிருத்திகைக்கு மூன்று பேரும் வந்தார்கள். மகன் காவடி எடுக்கவில்லை. குழந்தையைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு, அப்பனுக்குப் பின்னால் படியேறி மலைக்கு வந்தான். கோயிலுக்குள் நுழையாமல் வாசலோடு நின்றுகொண்டான். மலை ஏறினான், அவ்வளவுதான். இவரும் அதற்குமேல் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டு பங்கு வைத்தார். எனக்கு, மகனுக்கு, குழந்தைக்கு ஒரு சிட்டிகை. மருமகள் தானாகவே கை நீட்டினாள். வாங்கியதைக் கைக்குட்டையில் வைத்து மெதுவாக மடித்துக்கொண்டே, "அப்பறமா சாப்புடறேன் மாமா" என்றாள். சாமிக்குப் படைத்தது அவளுக்கு ஆகாதோ என்னவோ என்று நான் இவரைப் பார்த்தேன். இவர் அந்தக் கைக்குட்டையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஆங். அப்பறமா சாப்புடும்மா" என்றார்.

அவள் அதைச் சாப்பிட்டாளா என்று எனக்குத் தெரியாது. சாயங்கால ரயிலில் போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் சாமி அலமாரியைத் துடைக்கப் போனேன். எறும்புகள் வழக்கம்போல் வரிசை கட்டி வந்திருந்தன. ஒன்றும் இல்லாத இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. பார்க்கப் பாவமாக இருந்தது. சமையல்கட்டுக்குப் போய், ஒரு சிட்டிகை சர்க்கரை கொண்டுவந்து வைத்தேன்.